மாரடைப்புக்குப் பிறகு கொழுப்பு மாத்திரையை நிறுத்தலாமா?

தமிழக அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023-இல் தொடங்கியது. மாரடைப்பு அறிகுறியுடன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பே 14 மாத்திரைகளைக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4. மீதி எட்டும் அட்டோர்வாஸ்டாட்டின். நம் வீடுகளில் ‘கொழுப்பு மாத்திரை’ என்று சொல்லும் ஸ்டாட்டின் வகை மருந்துதான் அது.

அவ்வளவு அவசரமாகக் கொடுக்கப்படும் அதே மருந்தை, கிருஷ்ணகிரியிலோ பெங்களூரிலோ ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்தவர்களில் பலர் சில மாதங்களில் நிறுத்திவிடுகிறார்கள். “ரிப்போர்ட் நார்மல்னு வந்துடுச்சே” என்பார்கள். நார்மல் ஆனதே மாத்திரையால்தான். நிறுத்தினால் சில வாரங்களில் பழைய அளவுக்கே ஏறிவிடும். ரிப்போர்ட்டில் அச்சிட்டிருக்கும் நார்மல் அளவு பொதுவானவர்களுக்கானது என்பதையும் கவனியுங்கள். மாரடைப்பு வந்தவருக்குக் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 70-க்குக் கீழே, முடிந்தால் 55-க்கும் கீழே இருக்க வேண்டும் என்றே டாக்டர்கள் பார்க்கிறார்கள். ஸ்டென்ட் திறந்து வைத்தது ஓர் அடைப்பை மட்டும். மற்ற ரத்தக் குழாய்களில் படிந்திருப்பது வெடிக்காமல் காப்பது மாத்திரையின் வேலை.

இதன் பலனை முதலில் தெளிவாகக் காட்டியது 1994-இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வு. மாரடைப்போ இதய நெஞ்சுவலியோ வந்திருந்த 4,444 பேரைப் பாதி பாதியாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு சிம்வாஸ்டாட்டினும் மற்றதற்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். ஐந்தரை ஆண்டு அளவில், வெற்று மாத்திரைப் பிரிவில் 256 பேர் இறந்திருந்தார்கள். மருந்துப் பிரிவில் 182 பேர்.

“இதைத் தின்றால் சுகர் வரும்” என்று வாட்ஸ்அப்பில் வருவது முழுப் பொய்யல்ல. 255 பேர் நான்கு ஆண்டு சாப்பிட்டால் கூடுதலாக ஒருவருக்குச் சர்க்கரை நோய் வரலாம் என்று 2010-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். பெரும்பாலும் ஏற்கெனவே விளிம்பில் இருப்பவர்களுக்கே அது வருகிறது. ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கு அடுத்த அடைப்பின் ஆபத்து அதைவிட மிகப் பெரியது. சர்க்கரையைக் கட்டுப்படுத்த மருந்து உண்டு. செத்துப்போன இதயத் தசை திரும்ப வராது.

கால் வலி, உடம்பு வலி என்று நிறுத்துபவர்களும் உண்டு. வலி உண்மையானதுதான். ஆனால் காரணம் எப்போதும் மருந்தல்ல. ஸ்டாட்டினால் தொல்லை என்று நிறுத்திய 60 பேருக்கு லண்டனில் சில மாதங்கள் ஸ்டாட்டினும், சில மாதங்கள் வெற்று மாத்திரையும், எது என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்தார்கள். 2020-இல் வந்த முடிவின்படி, ஸ்டாட்டினில் உணர்ந்த தொல்லையில் சுமார் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் இருந்தது. பாதிப் பேர் மீண்டும் மருந்தைத் தொடங்கினார்கள். வலி தொடர்ந்தால் அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம். டாக்டரிடம் சொல்லாமல் விட்டுவிடுவதுதான் ஆபத்து.

தாங்க முடியாத தசை வலி, தசைச் சோர்வு, கறுப்பு டீ போன்ற சிறுநீர், கண் மஞ்சளாதல்: இவை மிக அரிது. வந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். வேறு நோய்க்கு ஆன்டிபயாட்டிக் எழுதும்போது ஸ்டாட்டின் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள்; சில மருந்துகள் சேர்ந்தால் தசை பாதிப்பு கூடும். கர்ப்பமாக விரும்பும் பெண்களும் முன்பே சொல்ல வேண்டும்.

இவ்வளவும் மாரடைப்பு வந்தவர்களுக்கான கணக்கு. கொலஸ்ட்ரால் மட்டும் சற்றுக் கூடியிருப்பவரின் கணக்கு வேறு. பக்கத்து வீட்டுக்காரர் நிறுத்திவிட்டு நன்றாக இருக்கிறார் என்பது நமக்கு அளவுகோல் ஆகாது.

ரமளானில் என்ன செய்வது? மாரடைப்புக்குப் பின் நோன்பு வைக்கலாமா என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். அனுமதித்தால், அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் இரண்டையும் இஃப்தாருக்குப் பிறகோ சஹரிலோ எடுக்கலாம். நேரம் முக்கியமல்ல, தினமும் எடுப்பதே முக்கியம். ஓசூர் கம்பெனிகளில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கும் இதே பதில்தான். ஆஸ்பிரினோடு சேர்த்து கேப்ஸ்யூலாக வருவதில் ஜெலட்டின் உறை உறுத்தினால், மருந்தை நிறுத்த வேண்டாம். தனித்தனி மாத்திரையாக எழுதித் தரச் சொல்லுங்கள்.