செல்போனைக் கைப்பற்றும் அதிகாரம்: சட்டம் சொல்வதும் சொல்லாததும்

செல்போன், கணினி, கேமரா பதிவுக் கருவி ஆகியவற்றைச் சோதனையின்போது கைப்பற்றும் அதிகாரத்தை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா காவல்துறைக்கு வழங்குகிறது. கருவியை எடுக்கும் முறையை இச்சட்டம் விரிவாகச் சொல்கிறது. எடுத்த கருவிக்குள் எதுவரை பார்க்கலாம் என்பதற்கு அதில் தனி வரம்பு இல்லை.

கேட்டுப் பெறுதல்

நாகப்பட்டினம் மாவட்டம் வேளாங்கண்ணி, தங்கும் விடுதிகள் நிறைந்த ஊர். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் பேராலயத் திருவிழாவில் கூட்டம் அலைமோதும். அங்கு நடந்த ஒரு திருட்டுக்கு விடுதியின் சிசிடிவி பதிவு தேவைப்பட்டால், காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி 94-ஆம் பிரிவின்படி எழுத்துப்பூர்வ உத்தரவிட்டு அதைக் கேட்கலாம். டிஜிட்டல் சான்று இருக்கக்கூடிய கருவிகளும் இப்பிரிவில் அடங்கும்.

வாரண்ட் இல்லாத சோதனை

ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் சிசிடிவி கருவி பழைய பதிவை அழித்துப் புதியதை எழுதிவிடும். இப்படித் தாமதத்தால் சான்று கெடும் நிலையில், 185-ஆம் பிரிவின்படி வாரண்ட் இல்லாமலே சோதனையிடலாம். ஆனால் அதற்கான காரணத்தை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். அதன் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பப்பட வேண்டும். அந்தப் பகுதியைச் சேர்ந்த இருவராவது சாட்சிகளாக இருக்க வேண்டும். 105-ஆம் பிரிவின்படி சோதனை முழுவதும், பொருள் பட்டியலில் சாட்சிகள் கையெழுத்திடுவது உட்பட, வீடியோவில் பதிவாக வேண்டும்.

ஹேஷ் மதிப்பு

கைப்பற்றிய கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் எண்ணெழுத்துத் தொடர் ஹேஷ் மதிப்பு. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் இந்த மதிப்பு மாறிவிடும். சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தில் தரும் சான்றிதழில் இது இடம்பெற வேண்டும். கைப்பற்றிய பின் யாரும் கைவைக்கவில்லை என்று காட்ட உதவும் வழி இது.

கடவுச்சொல்

தனக்கு எதிராகத் தானே சாட்சியாகும்படி குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20(3) பிரிவு. கடவுச்சொல்லைத் தருவது அப்படிச் சாட்சி சொல்வதாகாது என்று 2021-இல் வீரேந்திர கன்னா வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் கூறியது. அதே சமயம், செல்போனுக்குள் தேடப் பொதுவாகத் தேடுதல் வாரண்ட் வேண்டும் என்றது. மறு ஆண்டே டெல்லி சிபிஐ சிறப்பு நீதிமன்றம், கடவுச்சொல்லைத் தரக் கட்டாயப்படுத்த முடியாது என்றது.

பத்திரிகையாளர்களின் செல்போன்கள்

கருவிகளைக் கைப்பற்ற வழிகாட்டு நெறிகள் தேவை என்று 2023 நவம்பரில் ஊடகவியலாளர் அமைப்பு தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. அவை வரும்வரை மத்திய விசாரணை அமைப்புகள் சிபிஐ கையேட்டைப் பின்பற்றும் என்று டிசம்பரில் மத்திய அரசு உறுதியளித்தது. தமிழ்நாட்டில், அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கின் முதல் தகவல் அறிக்கை கசிந்ததை விசாரித்த சிறப்புப் புலனாய்வுக் குழு பத்திரிகையாளர்களின் செல்போன்களை வாங்கிவைத்தது. அவற்றைத் திருப்பித் தரும்படி 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

திரும்பப் பெறுதல்

கைப்பற்றப்பட்ட கருவியின் உரிமையாளர் சன்ஹிதாவின் 497 அல்லது 503-ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்தில் மனு செய்து அதை இடைக்காலமாகத் திரும்பப் பெறலாம். கருவி கைக்கு வந்தாலும், அதிலிருந்து எடுத்த பிரதி காவல்துறையிடமே இருக்கும். வழக்குக்குத் தொடர்பில்லாத படங்களையும் உரையாடல்களையும் எப்போது அழிக்க வேண்டும் என்பதற்குச் சன்ஹிதாவில் காலக்கெடு இல்லை.