கம்பத்து வீட்டில் ஃப்ளஷ் பண்ணினால், அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

நகரத்தில் நீங்கள் ஃப்ளஷ் பண்ணும் தண்ணீர் பெரும்பாலும் நிலத்தடிக் குழாய் வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும். ஆனால் கம்பத்திலோ தோட்டத்திலோ இருக்கும் உங்கள் தாத்தா பாட்டி வீட்டில்?

அங்கே பெரும்பாலும் அந்தக் குழாய் இல்லை. வீட்டுப் பக்கத்தில் மண்ணுக்கடியில் இருக்கும் செப்டிக் தொட்டிதான் சுத்திகரிப்பு நிலையம். அதைக் கவனிக்க வேண்டியது வீட்டில் இருப்பவர்கள்தான்.

தொட்டிக்குள் என்ன நடக்குது?

கழிவுநீர் உள்ளே வந்து அசையாமல் நிற்கும்போது மூன்று அடுக்காகப் பிரியும். கனமானவை அடியில் சேறாகத் தங்கும். எண்ணெயும் கொழுப்பும் மேலே மிதக்கும். நடுவில் ஓரளவு தெளிந்த நீர் இருக்கும். காற்றே இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் சேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். நடுவில் உள்ள நீர் வெளியேறி மண்ணுக்குள்ளோ கால்வாய்க்கோ போகும்.

அப்போ வெளியே வருவது சுத்தமான தண்ணீரா?

இல்லை. நன்றாக இயங்கும் தொட்டிகூட திடக்கழிவில் சுமார் பாதியைத்தான் பிடித்து வைக்கும். கிருமிகளில் பத்தில் ஒன்பது பங்கு குறைந்தாலும், மிச்சம் இருப்பதே வயிற்றுப்போக்கு வரப் போதும். அதனால்தான் கிணற்றுக்கும் தொட்டிக்கும் இடையே குறைந்தது 30 மீட்டர் தூரம் வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டி. மண் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்து இந்தத் தூரம் கூடலாம்.

‘ஃப்ளஷ் நல்லாதானே போகுது?’

சிக்கலே இங்குதான். பாக்டீரியாவால் எல்லாச் சேற்றையும் கரைக்க முடியாது. ஆண்டுக்காண்டு சேறு ஏறும், தண்ணீர் நிற்க இடம் குறையும். உள்ளே வந்த கழிவு தெளிவதற்குள் வெளியே தள்ளப்படும். கழிவறையில் எந்த மாற்றமும் தெரியாது. பாதிப்பு பக்கத்துக் கால்வாயிலும் ஆற்றிலும்தான் தெரியும்.

அதனால் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை சேற்றை அகற்றுவது நல்லது. தீபகற்பத்தின் பெரும்பகுதியில் இண்டா வாட்டர் இந்தச் சேவையை வழங்குகிறது. சபா, சரவாக்கில் வேறு அமைப்புகள் உள்ளன. லோரி உறிஞ்சி எடுக்கும் சேற்றையும் முறையாகச் சுத்திகரிக்க வேண்டும். ஆற்றில் கொட்டினால் எல்லாம் வீண்.

ஊருக்கே ஒன்றாகச் செய்ய முடியாதா?

முடியும். பல வீடுகளைச் சிறு குழாய்களால் இணைத்து, கழிவுநீரை ஆக்சிஜனேற்றக் குளத்துக்கு அனுப்பலாம். வெயிலில் வளரும் பாசி ஆக்சிஜன் தரும். அதைக்கொண்டு பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கும். மின்சாரம் அவ்வளவாகத் தேவையில்லை. ஆனால் நிறைய நிலமும், தொடர்ந்து பராமரிக்க ஆளும் வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: தொட்டி எங்கே இருக்கு? கடைசியா எப்போ சேறு எடுத்தாங்க? கிணறு எவ்வளவு தூரம்?

சமையல் எண்ணெய், ஈரத் திசுத்தாள், டயப்பர் எதையும் கழிவறையில் போடாதீர்கள். அளவுக்கு மீறி ப்ளீச் ஊற்றினால், வேலை செய்யும் பாக்டீரியாவே செத்துவிடும்.

முக்கியமாக, மூடியைத் திறந்து நீங்களே உள்ளே இறங்க வேண்டாம். அங்கே தேங்கும் வாயு சில நொடிகளில் மயக்கம் போட வைத்து உயிரையே பறிக்கலாம். அந்த வேலைக்குப் பயிற்சி பெற்றவர்களைக் கூப்பிடுங்கள்.