டிபன் வண்டி பேட்டரியைச் சீக்கிரம் சார்ஜ் ஏற்றுவது எப்படி?



பஸ் ஸ்டாண்டு பக்கம் நிற்கும் பச்சை நிற டிபன் வண்டியில் உங்களில் பல பேர் தோசை சாப்பிட்டிருப்பீர்கள். அது எங்கள் வண்டிதான். பழைய 'குட்டி யானை' ஒன்றை வாங்கி, அடுப்பு, மேடை எல்லாம் வைத்து அப்பா கட்டியது. போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, நல்ல கூட்டம் நிற்கும்போது விளக்கு, ஃபேன், மிக்ஸி எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. அப்பா செல்போன் வெளிச்சத்தில் தோசை ஊற்றினார். பார்சலுக்கு நின்றவர்கள் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். மீந்த மாவில் நாங்கள் இரண்டு நாள் புளித்த தோசை தின்றோம்.

நின்றுபோனது இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் பேட்டரி அல்ல. விளக்குக்கும் மிக்ஸிக்கும் என்று பின்னால் தனியாக வைத்த 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி. வாங்கி ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. பேட்டரிக் கடை அண்ணன் பார்த்துவிட்டு, "சார்ஜர் சின்னது. முப்பது ஆம்பியர் போடுங்க, சீக்கிரம் ஏறிடும்" என்றார். அப்பாவும் சரி என்றுவிட்டார். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

மாலை வியாபாரத்தில் விளக்குகள் 40 வாட், 5 மணி நேரம், ஆக 200. ஃபேன் 50 வாட், 5 மணி நேரம், 250. மிக்ஸி 500 வாட், எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம், 125. மொத்தம் 575 வாட்-மணி. இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்து 700 என்று வைத்தேன். 12-ஆல் வகுத்தால் சுமார் 60 ஆம்பியர்-மணி. காலை வியாபாரத்துக்கு இதில் பாதி, 30. ஆக ஒரு நாளைக்கு 90. ஈய-அமில பேட்டரியில் கொஞ்சம் வீணாகும் என்பதால் 105 ஏற்ற வேண்டும். ராத்திரி ஐந்தரை மணி நேரமும் பகலில் ஏழு மணி நேரமும் வண்டி வீட்டு வாசலில் நிற்கிறது. பன்னிரண்டரை மணி நேரம், 10 ஆம்பியர் சார்ஜர், 125. கணக்குப்படி போதுமே! அப்புறம் ஏன் நிறையவில்லை?

இயற்பியல் சாரிடம் நோட்டைக் காட்டினேன். அவர் நோட்டைப் பார்க்கவே இல்லை. "சார்ஜர் எங்கடா இருக்கு?" என்று கேட்டார்.

சார்ஜர் திண்ணையில் இருந்தது. மழை படாது என்று அங்கே மாட்டியிருந்தோம். அங்கிருந்து வண்டிக்கு 8 மீட்டர் ஒயர், 2.5 சதுர மில்லிமீட்டர். சார் மல்டிமீட்டர் கொடுத்தனுப்பினார். சார்ஜர் முனையில் 14.4 வோல்ட். பேட்டரி முனையில் 13.3! நடுவில் 1.1 வோல்ட்டை ஒயரே சாப்பிட்டுவிட்டது. ஓம் விதிதான். போக 8, வர 8, மொத்தம் 16 மீட்டர் செம்பின் மின்தடை சுமார் 0.12 ஓம். அதில் கிட்டத்தட்ட 10 ஆம்பியர் ஓடினால் அவ்வளவு இழப்பு வரத்தானே செய்யும். 14.4 வந்துவிட்டது, பேட்டரி நிறையப் போகிறது என்று சார்ஜர் நினைத்து மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே போகும். உள்ளே பேட்டரி பாவம், அரை வயிறு. இதில் 30 ஆம்பியர் சார்ஜர் போட்டிருந்தால் ஒயரின் இழப்பு மூன்று மடங்காகி, ஒயர்தான் சூடாகியிருக்கும்.

இதற்கு மருந்து காசு இல்லாதது. சார்ஜரை வண்டிக்குள், பேட்டரி பக்கத்தில் வைத்துவிட்டு, 230 வோல்ட் ஒயரை நீளமாக இழுக்க வேண்டும். அந்தப் பக்கம் ஒரு ஆம்பியர்கூட ஓடாது, அதனால் இழப்பு ஒன்றுமே இல்லை. அன்றைக்கே மாற்றினோம்.

ஆனால் பழைய பேட்டரி பிழைக்கவில்லை. ஈய-அமில பேட்டரி நாள்கணக்கில் அரைகுறையாகவே கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிவிடும், பிறகு திரும்பக் கரையாது. ஒன்றரை வருடமாக நாங்கள் செய்தது அதைத்தான்.

புதுசு வாங்கும் முன் கடை அண்ணனின் 30 ஆம்பியர் சார்ஜரைக் கேட்டு வாங்கிப் பழைய பேட்டரியிலேயே போட்டுப் பார்த்தோம். முதலில் ஜம்மென்று 30 காட்டியது. முக்கால் மணி நேரத்தில் 14.4 வோல்ட்டைத் தொட்டது, அதன்பின் மின்னோட்டம் இறங்கியது. இரண்டு மணி நேரம் கழித்து 8 ஆம்பியர்தான். பேட்டரி சுட்டது, நெடி அடித்தது. புது பேட்டரி இதைவிட மேல் என்றாலும் குணம் ஒன்றுதான். காலி பஸ்ஸில் முதல் முப்பது பேர் ஓடி ஏறிவிடுவார்கள். கடைசிப் பத்துப் பேருக்கு, கண்டக்டர் "உள்ளே போ, உள்ளே போ" என்று எவ்வளவு கத்தினாலும் நேரம் ஆகும். ஈய-அமில பேட்டரியின் கடைசி 20 சதவீதம் அப்படித்தான். இன்னொன்று, அந்த நேரத்தில் ஹைட்ரஜன் வாயு வேறு வெளிவரும். எங்கள் வண்டியில் இரண்டடி தள்ளி கேஸ் அடுப்பு!

வண்டி ஓடும்போது டைனமோவிலிருந்து ஏற்றலாமே என்று அண்ணன் சொன்னார். அமெரிக்காவில் படுக்கை, சமையலறையோடு வீடு மாதிரி ஓட்டிப் போகும் ஆர்.வி. வண்டிகளில் இப்படிச் செய்கிறார்கள். அவர்கள் ஒரே நாளில் ஐந்தாறு மணி நேரம் ஓட்டுவார்கள். எங்களுக்கு வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு இருபது நிமிடம். 20 ஆம்பியர் ஏறினாலும் 7 ஆம்பியர்-மணிகூட தேறாது. சோலாரும் வேண்டாம் என்று விட்டோம். பகலில் வண்டி வேப்பமரத்தடியில் நிற்கிறது, அங்கிருந்து நகர்த்த அம்மா சம்மதிக்கமாட்டார்.

மிச்சம் இருந்தது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. இது கிட்டத்தட்டக் கடைசி வரை அதே வேகத்தில் வாங்கிக்கொள்ளும். 100 ஆம்பியர்-மணி பேட்டரிக்குப் பொதுவாக 50 ஆம்பியர் வரை கொடுக்கலாம். 80 சதவீதத்துக்கு மேல் எடுத்தாலும் கெடாது, அதனால் 150-க்குப் பதில் 100 போதும். பழையது ஐம்பது கிலோவுக்கு மேல், அப்பாவும் நானும் சேர்ந்துதான் தூக்குவோம். இது பன்னிரண்டு கிலோ சொச்சம். விலைதான் டியூபுலரைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சொன்னார்கள். அப்பா தயங்கினார். அம்மாதான், "ஒன்றரை வருஷத்துக்கு ஒண்ணு வாங்குறதுக்கு இது தேவலை" என்று சொல்லிச் சீட்டுப் பணத்தை எடுத்தார். (ஒயர் சரியாக இருந்தால் டியூபுலரும் நாலைந்து வருடம் உழைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அடுப்பையும் ஹைட்ரஜனையும் நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.)

சார்ஜரும் லித்தியத்துக்கு உரியதுதான் வேண்டும். பழைய சார்ஜர் நடுநடுவே 15 வோல்ட்டுக்கு மேல் தள்ளும், அப்போது பேட்டரிக்குள் இருக்கும் காப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடும். 30 ஆம்பியர் லித்தியம் சார்ஜர் வாங்கி, பேட்டரிக்கு ஒரு மீட்டர் தூரத்துக்குள் தடித்த ஒயரில் இணைத்து, பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டி ஃபியூஸ் போட்டோம். சுவரிலிருந்து சுமார் 500 வாட்தான் இழுக்கிறது, சாதாரண பிளக்கே போதும்.

இப்போது ராத்திரி பதினொன்றரைக்குச் செருகினால் இரண்டு மணிக்குள் நிறைந்துவிடுகிறது. பழைய பேட்டரியை ஈயத்தின் விலைக்குக் கடையிலேயே எடுத்துக்கொண்டார்கள். பழைய 10 ஆம்பியர் சார்ஜர் சும்மாதான் இருக்கிறது. வீட்டில் டியூபுலர் பேட்டரி வைத்திருப்பவர்கள் கேட்டால் தருகிறேன். ஒயரை மட்டும் நீங்கள் அளந்துகொள்ளுங்கள்.

— 12 ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்