குழந்தையின் பல் சிகிச்சைக்கு மயக்க மருந்து... தலையாட்டும் முன் கேளுங்கள்!

தூத்துக்குடியில் முத்துக்குளித்த காலத்தில், கடலுக்குள் இறங்குபவரின் கயிற்றைப் படகில் பிடித்திருப்பது அவருடைய மச்சான்தான் என்பார்கள். உடன்பிறந்தவளின் வாழ்க்கையே அந்தக் கயிற்றில் இருப்பதால், அவர் கண்ணை எடுக்கமாட்டார் என்ற நம்பிக்கை. பல் சிகிச்சைக்காகக் குழந்தையை மயக்கத்தில் ஆழ்த்தும்போதும் அப்படி ஓர் ஆள் அவசியம்.

சொத்தைப் பல் என்றாலே மயக்க மருந்து என்பதில்லை. பேசிப் பயம் தெளியவைத்து, மரத்துப்போகும் ஊசி போட்டாலே பல சிகிச்சைகள் முடிந்துவிடும். வாயைத் திறக்கவே மறுக்கும் சின்னக் குழந்தைகள், ஒரே நேரத்தில் பல பற்களுக்குச் சிகிச்சை தேவைப்படுபவர்கள், ஆட்டிசம் போன்ற நிலையில் உள்ள பிள்ளைகள் ஆகியோருக்கு இது கைகொடுக்கும்.

இதில் படிகள் உண்டு. 'சிரிப்பு வாயு' எனப்படும் நைட்ரஸ் ஆக்ஸைடை ஆக்சிஜனோடு சேர்த்து மூக்கு வழியே சுவாசித்தால் பயம் குறையும். குழந்தை விழித்தே இருக்கும். மிடாசோலம் போன்ற மருந்துகள் அரைத்தூக்கத்தில் வைக்கும். அதற்கும் மேலே ஆழ்ந்த மயக்கம், முழு மயக்கம். ஆழம் கூடக் கூட, மூச்சு மந்தமாகும் அபாயமும் கூடும்.

2023 நவம்பரில் கேரளத்தின் குன்னங்குளத்தில், பல்லுக்கு வேர் சிகிச்சை செய்யப்போன மூன்றரை வயதுச் சிறுவன் உயிரிழந்தது பெற்றோர்களை உலுக்கியது. இத்தகைய மரணங்கள் அரிது. ஆனாலும், கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

என்ன கேட்க வேண்டும்?

* எந்த மருந்து, எவ்வளவு ஆழமான மயக்கம்? குழந்தையின் எடையை இன்று பார்த்தீர்களா?
* பல்லைக் கவனிப்பவர் தவிர, மூச்சையும் துடிப்பையும் கவனிக்கத் தனியாக யார் இருப்பார்? ஆழ்ந்த மயக்கத்துக்கு இப்படிப் பயிற்சி பெற்ற தனி நபர் கட்டாயம் என்கின்றன அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள், குழந்தைப் பல் மருத்துவர்கள் அமைப்புகளின் 2019 வழிகாட்டுதல்கள்.
* பல்ஸ் ஆக்ஸிமீட்டர், ஆக்சிஜன், அவசர மருந்துகள் தயாரா?

ஆஸ்துமா, இதய நோய், குறட்டை, சளி, அலர்ஜி எது இருந்தாலும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அந்த ஒரு மக்ரூன்...

பொதுவாகத் தண்ணீர் குடித்து 2 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், பசும்பால் அல்லது லேசான உணவுக்கு 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். எண்ணெய்ப் பலகாரத்துக்கு 8 மணி நேரம்கூட ஆகலாம். உங்கள் மருத்துவர் சொல்லும் நேரமே இறுதி. 'பசியில அழுதான், பாவம்' என்று பாட்டி ஒரு மக்ரூன் கொடுத்திருந்தாலும் மறைக்காதீர்கள். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். உண்மையைச் சொன்னால் சிகிச்சை இன்னொரு நாளுக்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

முடிந்ததும் நன்றாக விழித்த பிறகே கிளம்புங்கள். மணப்பாடு, வேம்பார் என்று தூரத்து ஊர்களிலிருந்து வருபவர்கள் பைக்கைத் தவிர்ப்பது நல்லது. காரில் தூங்கினால், தலை முன்னால் தொங்கி மூச்சு அடைபடாமல் பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். வீடு வரும்வரை அந்தக் கயிறு உங்கள் கையில்தான்.