துணிந்து அடித்த பந்தும் நியூட்டனின் விதியும்

1982ஆம் ஆண்டு மே மாதம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலுள்ள குருசிபிள் அரங்கில் உலக ஸ்னூக்கர் போட்டியின் அரையிறுதி நடக்கிறது. ஒருபுறம் பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த அலெக்ஸ் ஹிக்கின்ஸ், வயது 33. மறுபுறம் லண்டனைச் சேர்ந்த ஜிம்மி ஒயிட், வயது 20. பதினாறு ஆட்டங்களை முதலில் வெல்பவர் இறுதிப் போட்டிக்குப் போவார். ஒயிட் 15, ஹிக்கின்ஸ் 14. அடுத்த ஆட்டத்திலும் ஒயிட் 59 புள்ளிகள் எடுத்துவிட்டார். ஹிக்கின்ஸின் கணக்கில் ஒன்றுமில்லை. அப்போது ஒயிட் ஒரு பந்தைத் தவறவிட்டார். ஹிக்கின்ஸ் மேசைக்கு வந்தார்.

ஒரே வரிசையில் 69 புள்ளிகள் எடுத்து அந்த ஆட்டத்தை வென்றார் அவர். அடுத்ததையும் வென்று 16-15 என்று முடித்தார். பிறகு ரே ரியர்டனையும் வென்று உலகப் பட்டம் பெற்றார். அந்த 69ஐ ஸ்னூக்கர் ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள். அதில் அப்படி என்ன அதிசயம்? விடை உங்கள் பௌதிகப் புத்தகத்திலேயே இருக்கிறது.

மேசையும் பந்துகளும்

ஸ்னூக்கர் இந்தியாவில் பிறந்த விளையாட்டு. 1875இல் ஜபல்பூரில் பிரிட்டிஷ் படை அதிகாரிகளிடையே தோன்றியது. அதன் விதிகள் நம் உதகமண்டலத்தில், ஊட்டி கிளப்பில், 1882இல் எழுதி மாட்டப்பட்டன என்பது வரலாறு.

மேசை சுமார் 3.57 மீட்டர் நீளம், 1.78 மீட்டர் அகலம். மேலே பச்சைக் கம்பளித் துணி. ஓரங்களில் ஆறு குழிகள். 15 சிவப்புப் பந்துகள், ஆறு வண்ணப் பந்துகள், கோலால் அடிக்க ஒரு வெள்ளைப் பந்து. ஒவ்வொன்றின் விட்டமும் 52.5 மில்லிமீட்டர். சிவப்பைக் குழியில் தள்ளினால் 1 புள்ளி. அதையடுத்து ஒரு வண்ணப் பந்தைத் தள்ள வேண்டும். மஞ்சள் 2, பச்சை 3, பழுப்பு 4, நீலம் 5, இளஞ்சிவப்பு 6, கறுப்பு 7. சிவப்புகள் தீரும்வரை வண்ணப் பந்துகள் மீண்டும் மேசைக்கு வரும். பிறகு அவற்றை வரிசையாகத் தள்ள வேண்டும். ஒவ்வொரு சிவப்புக்குப் பின்னும் கறுப்பைத் தள்ளினால் மொத்தம் எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். 147 வரும்.

ஆகவே ஒரு பந்தைக் குழிக்குள் அனுப்புவது பாதி வேலைதான். அடுத்த பந்தை அடிக்க வசதியான இடத்தில் வெள்ளைப் பந்து வந்து நிற்க வேண்டும். அதுதான் மீதிப் பாதி.

மோதலின் கணக்கு

சம நிறையுள்ள இரண்டு பந்துகள் நேருக்கு நேர் மோதினால் என்ன ஆகும்? வந்த பந்து நின்றுவிடும். நின்ற பந்து ஏறத்தாழ அதே வேகத்தில் ஓடும். உந்தம் முழுவதும் கைமாறிவிடுகிறது.

சாய்வாக மோதினால்? உந்த அழிவின்மை விதிப்படி, மோதலுக்குப் பின் உள்ள இரு திசைவேகங்களையும் சேர்த்தால் பழைய திசைவேகம் கிடைக்க வேண்டும். ஆற்றல் அழிவின்மை விதிப்படி, அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் பழைய வேகத்தின் வர்க்கம் கிடைக்க வேண்டும். பிதாகரஸ் தேற்றம் நினைவுக்கு வருகிறதா? இரு பந்துகளும் செங்கோணத்தில் பிரிகின்றன!

ஆனால் வெள்ளைப் பந்து சுழலாமல் வழுக்கி வந்தால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும். பந்தின் மேற்பகுதியில் அடித்தால் அது முன்சுழற்சி பெறும். மோதிய பின்னும் முன்னே உருளும். கீழ்ப்பகுதியில் அடித்தால் பின்சுழற்சி. மோதியதும் துணியின் உராய்வு அதைப் பின்னோக்கி இழுத்து வரும். தரையிலிருந்து விட்டத்தில் பத்தில் ஏழு பங்கு உயரத்தில், அதாவது சுமார் 37 மில்லிமீட்டரில் கிடைமட்டமாக அடித்தால், வழுக்காமல் முதலிலிருந்தே உருளும். பக்கவாட்டில் அடித்தால் பக்கச்சுழற்சி. மேசை ஓரத்து ரப்பரில் பட்டுத் திரும்பும்போது பந்தின் கோணம் மாறும். இதன் முன்னோடியான பில்லியர்ட்ஸ் ஆட்டத்தின் கணிதத்தைப் பற்றிப் பிரெஞ்சு விஞ்ஞானி கொரியோலி 1835இலேயே ஒரு நூல் எழுதியிருக்கிறார். பூமியின் சுழற்சியால் காற்று திசை மாறுவதை விளக்கும் விதிக்குப் பெயர் தந்தவர் அவரே.

ஒரு மில்லிமீட்டர் பிழை

தாக்கி ஆடுவது ஏன் ஆபத்து? குழியிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி ஒரு சிவப்புப் பந்து இருக்கிறது என்று கொள்வோம். மோதும் கணத்தில் வெள்ளைப் பந்து 1 மில்லிமீட்டர் விலகிவிட்டது. அப்போது இரு மையங்களுக்கும் இடையே உள்ள தூரம் 52.5 மில்லிமீட்டர். சிவப்பு அந்த மையங்களை இணைக்கும் கோட்டின் வழியே ஓடும். வடிவொத்த முக்கோணங்களின்படி, குழியை அடையும்போது அது 1500 ÷ 52.5, அதாவது சுமார் 29 மில்லிமீட்டர் விலகியிருக்கும்.

மூலைக் குழியின் வாய் ஏறக்குறைய 9 சென்டிமீட்டர். பந்தின் விட்டத்தைக் கழித்தால் பக்கத்துக்கு 19 மில்லிமீட்டர்கூட மிஞ்சாது. எனவே பந்து விளிம்பில் மோதித் திரும்பிவிடும். பிழை அரை மில்லிமீட்டர் என்றால் விலகல் 14 மில்லிமீட்டர். பந்து உள்ளே போய்விடும். வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவே அரை மில்லிமீட்டர்! தவறினால், சிதறிக் கிடக்கும் பந்துகள் எல்லாம் எதிராளிக்கு விருந்து.

அதனால்தான் பலர் வெள்ளைப் பந்தைப் பத்திரமாக ஒளித்துவைத்துக் காத்திருந்தார்கள். மேலும், அந்நாளைய துணி இன்றையதைவிடத் தடித்தது. உராய்வு அதிகம், ஓங்கி அடிக்க வேண்டும். ஓங்கி அடித்தால் கை பிசகும்.

அந்த நீலப் பந்து

ஹிக்கின்ஸின் 69இல் வண்ணப் பந்துகளின் கட்டம் வரும்வரை வெள்ளைப் பந்து நல்ல இடத்தில் நின்றதே அரிது. நடுவில் நீலப் பந்தை, பச்சைப் பந்தின் அருகிலுள்ள மூலைக் குழியில் தள்ள வேண்டியிருந்தது. முக்கால் பங்கு பந்தில் படும்படியான மோதல் அது. கணக்குப்படி அத்தகைய மோதலுக்குப் பின் வெள்ளைப் பந்திடம் கால் பங்கு வேகமே மிஞ்சும். இயக்க ஆற்றலில் பதினாறில் ஒரு பங்குதான். ஆனால் அது மேசையின் மறுகோடிக்குப் போக வேண்டும்.

ஹிக்கின்ஸ் பந்தின் அடியில், இடப்பக்கமாக அடித்தார். நீலம் குழியில் விழுந்தது. பின்சுழற்சி வெள்ளைப் பந்தைப் பக்கச் சுவருக்கு இழுத்துச் சென்றது. இடச்சுழற்சி அங்கிருந்து அதைக் கறுப்புப் பந்தின் பக்கம் திருப்பியது. மோதலில் போன வேகத்தைச் சுழற்சி மீட்டுத் தந்தது. நூறு முறை முயன்றாலும் அந்த இடம் கிடைக்காது என்பது முன்னாள் சாம்பியன் டென்னிஸ் டெய்லரின் கருத்து.

துணிச்சல் மட்டும் போதுமா?

பட்டங்களின் கணக்கு வேறு கதை சொல்கிறது. ஹிக்கின்ஸ் 1972, 1982 ஆகிய இரண்டு ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்றார். அவரைப் போலவே தாக்கி ஆடிய ஒயிட் ஆறு இறுதிப் போட்டிகளில் தோற்றார், ஒருமுறைகூட வெல்லவில்லை. காப்பும் தாக்குதலும் அளந்து ஆடிய ஸ்டீவ் டேவிஸ் 1981 முதல் 1989க்குள் ஆறு முறை வென்றார். தொலைக்காட்சிக் கேமராக்களின் முன் முதல் 147ஐ 1982 ஜனவரியில் எடுத்தவரும் அவரே.

அப்படியானால் தாக்குதல் தோற்றுவிட்டதா? இல்லை. 1990களில் ஸ்டீபன் ஹென்ட்ரி தாக்கி ஆடியே ஏழு பட்டங்கள் பெற்றார். 1997இல் ரானி ஓசலிவன் ஐந்தரை நிமிடத்துக்குள் 147 எடுத்தார். பின்னர் 2022க்குள் அவரும் ஏழு பட்டங்கள் வென்றார். மெல்லிய துணி உதவியது. ஆனால் அரை மில்லிமீட்டர் விதி மாறவில்லை. இடைவிடாத பயிற்சியால் கைதான் அந்த எல்லைக்குள் வந்தது. ஹிக்கின்ஸ் எப்போதோ தொட்ட இடத்தை இவர்கள் தினமும் தொட்டார்கள்.

செய்து பாருங்கள்

ஸ்னூக்கர் மேசை இல்லாவிட்டால் என்ன, கேரம் பலகை போதும். மாவு தூவிய பலகையில் ஒரு காயை விரலால் சுண்டி, இன்னொரு காயின் நடுவில் நேராக மோதவிடுங்கள். முதல் காய் ஏறத்தாழ நின்றுவிடும். பிறகு சாய்வாக மோதவிட்டு, இரண்டும் பிரியும் கோணத்தைப் பாருங்கள். அடுத்து, சுண்டும் காய்க்குப் பதிலாக ஸ்டிரைக்கரைப் பயன்படுத்துங்கள். இப்போது நேராக மோதினாலும் அது நிற்காமல் முன்னே போகும். ஏன் என்று யோசியுங்கள். நிறை என்ற ஒரு சொல்லில் விடை இருக்கிறது.