காபரேட்டர் ஒழுகினால் முதலில் டெப்பை மூடுங்கள்

பழைய ட்ரக்டரின் காபரேட்டரில் எண்ணெய் வழிந்தால் நம்மில் பலர் ஓடிப்போய் நட்டுகளை இறுக்குகிறோம். அதனால் ஒழுக்கு நிற்காது. முதலில் தாங்கிக்குக் கீழே உள்ள டெப்பை மூடுங்கள். வண்டி லயத்து வாசலில் நின்றால் பீடி, குப்பி விளக்கு எதுவும் கிட்ட வரக்கூடாது. பெற்றோல் ஆவி தரையோடு தவழ்ந்து அடுப்படி வரைக்கும் போகும். இதில் விளையாட வேண்டாம்.

டீசல் ட்ரக்டருக்குக் காபரேட்டர் கிடையாது. நாம் சொல்வது 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் செய்த சாம்பல் நிற பெர்குசன் போன்ற பழைய பெற்றோல், மண்ணெண்ணெய் வண்டிகளைப் பற்றி. மரக்கறிப் பாத்திக்குத் தண்ணீர் இறைக்கிற மண்ணெண்ணெய் மிசினுக்கும் இது பொருந்தும்.

காபரேட்டரின் கிண்ணத்துக்குள் ஒரு மிதவை இருக்கிறது. எண்ணெய் ஏற ஏற அது உயர்ந்து ஓர் ஊசியைத் தள்ளி வழியை அடைக்கும். ஊசியின் வாயில் ஒரு மணல் பொடி இருந்தாலே போதும், அடைப்பு விழாது. எண்ணெய் வந்துகொண்டே இருக்கும்.

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலம் தாண்டினால் வரும் அல்லைப்பிட்டி மணல் ஊர், கடற்காற்று ஊர். அங்கே மணலும் தாங்கித் துருவும் ஊசிக்குப் பகை. நம்ம மலையில் பனியும் ஈரமும். பாதி வெறுமையான தாங்கிக்குள் இரவில் வியர்த்து, தண்ணீர் அடியில் தங்கி, துரு பிடிக்கும். ஊர் வேறானாலும் கோளாறு ஒன்றுதான்.

ஸ்குரூட்ரைவரின் மரப்பிடியால் கிண்ணத்தை மெதுவாகத் தட்டிப் பாருங்கள். சில நேரம் தூசி விலகி ஒழுக்கு நின்றுவிடும். நிற்காவிட்டால் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவுங்கள். மிதவையைக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை. வெந்நீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம் தெரியும். ஆனால் வீட்டில் ஈயம் வைக்காதீர்கள், உள்ளே பெற்றோல் இருக்கும். பாஸிடம் கொடுங்கள், அல்லது புதிதாக வாங்குங்கள். ஊசி நுனியில் வளையம் போலத் தேய்ந்திருந்தால் ஊசியையும் அது உட்காரும் துண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் காசுதான் வீண்.

இன்னொன்று. சோக்கை இழுத்து இழுத்து அடிச்சா நல்ல காபரேட்டரும் வழியத்தான் செய்யும். பிளக்கைக் கழற்றித் துடைத்து, சோக்கைத் தள்ளிவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து முயலுங்கள்.

1990களின் முற்பகுதியில் பெற்றோல் தடையால் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள், கார் எல்லாம் சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டரைத் தாண்டி இறங்கி என்ஜின் ஒயிலைக் கரைக்கும். ஒழுகிய மிசினிலும் அதுதான் நடக்கும். அளவுக் கம்பியை இழுத்துப் பாருங்கள். ஒயில் கூடியிருந்தால், மண்ணெண்ணெய் வாடை வந்தால், ஒயிலை மாற்றாமல் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்.