சர்க்கரை நோயும் சோர்ந்துபோகும் உள்ளமும்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. அவனுடைய அருளும் சாந்தியும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் நிலவட்டுமாக!



நம் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோர் சர்க்கரை நோயுடன் வாழ்வதாக, 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு தெரிவித்தது. இந்நோய் கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் தாக்கும் என்பதை நாம் அறிவோம். உள்ளத்தையும் தாக்கும் என்பதைப் பலர் அறிவதில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு மனச்சோர்வு நோய் ஏற்படும் வாய்ப்பு, மற்றவர்களைவிட 2 முதல் 3 மடங்கு அதிகம். தற்கொலை எண்ணத்தின் அபாயமும் அவர்களிடம் கூடுதலாகவே காணப்படுகிறது.

ஏன் இந்தச் சோர்வு?

நாள்தோறும் மாத்திரை, ஊசி, உணவுக் கட்டுப்பாடு, ஓயாத செலவு. கால் புண் ஆறுமா, பார்வை நிலைக்குமா என்ற அச்சம். இவை உள்ளத்தை அரிக்கின்றன. உள்ளம் சோர்ந்தவர் மருந்தையும் நடைப்பயிற்சியையும் கைவிடுகிறார். சர்க்கரை ஏறுகிறது, உடல் மேலும் தளர்கிறது. இவ்வாறு ஒரு நோய் மற்றொன்றை வளர்க்கிறது.

ஈமானின் குறைவா?

இல்லை. யூஸுஃப் (அலை) அவர்களைப் பிரிந்த துயரத்தால் தந்தை யஅகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின என்று திருக்குர்ஆன் (12:84) கூறுகிறது. அவர்களோ அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காத நபி. கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் நபி (ஸல்) அவர்களே அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடினார்கள். அல்லாஹ் எந்த நோயையும் அதற்குரிய நிவாரணம் இன்றி இறக்கவில்லை என்றும் அறிவித்தார்கள் (புகாரீ). எனவே துஆவும் வேண்டும், மருத்துவமும் வேண்டும்.

தற்கொலை ஹராம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதனைத் தடுக்கும் வசனம் (4:29), அல்லாஹ் உங்கள் மீது இரக்கமுள்ளவன் என்ற செய்தியுடனேயே நிறைவு பெறுகிறது. நாமோ கண்டிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு இரக்கத்தை விட்டுவிடுகிறோம். நோயாளியும் அஞ்சி வாய் மூடிக்கொள்கிறார்.

குடும்பத்தாரின் கடமை

இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் வாட்டம், தூக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, "இனி எனக்கு மருந்து எதற்கு?", "உங்களுக்கு நான் பாரம்" என்பன போன்ற சொற்கள்: இவற்றைப் புறக்கணியாதீர்கள். அருகில் அமர்ந்து, "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று கனிவுடன் நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மாறாக, நெஞ்சின் பாரம் இறங்கும். "ஆம்" என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். மருந்துகளை உங்கள் பொறுப்பில் வைத்து, வேளைக்கு உரியதை மட்டும் கொடுங்கள். தாமதமின்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம்.

மனச்சோர்வுக்கு மருந்து உண்டு. ஆலோசனைச் சிகிச்சையும் உண்டு. மருந்து பலன் தரச் சில வாரங்கள் ஆகும். இடையில் தாமாக நிறுத்தக் கூடாது. சர்க்கரை மருத்துவரிடமும் இதனைத் தெரிவிப்பது அவசியம்.

சகோதரர்களே! அடுத்த முறை வீட்டில் சர்க்கரையின் அளவைக் கேட்கும்போது, உள்ளத்தின் நலத்தையும் சேர்த்தே கேளுங்கள். நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண சுகமளிப்பானாக! ஆமீன்.